ஓடிபி யாருக்கு வந்தது?

சென்னையில் இப்போது எல்லா வசதியும் இருக்கிறது. ஒரே நிபந்தனை, கையில் உள்ளூர் மொபைல் எண் இருக்க வேண்டும், அதோடு ஆதாரும் வங்கிக் கணக்கும் இணைந்திருக்க வேண்டும். மெல்பர்னிலிருந்து பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து போகும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உதைக்கும். அதனால் கிறிஸ்துமஸ் முதல் பொங்கல் வரை எங்கள் நங்கநல்லூர் வீட்டில் அதிகம் கேட்ட குரல், "ஓடிபி வந்துச்சா பாரு"தான். வந்ததெல்லாம் என் தங்கையின் போனுக்கு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் குடியேற்ற வரிசைக்குப் பதிலாக மின்வாயில் வைத்திருக்கிறார்கள். 2025 ஜனவரியில் சென்னைக்கு வந்த ஏற்பாடு இது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை உள்ளவர்களும் இணையத்தில் பதிவு செய்து, ஒருமுறை விமான நிலையத்தில் கைரேகை கொடுத்துவிட்டால் போதும், கட்டணம் கிடையாது. ஆனால் 12 வயது நிறைந்திருக்க வேண்டும். மகளுக்குப் பதினான்கு, மகனுக்கு ஒன்பது. அவனை மட்டும் தனியாக வரிசையில் விட முடியுமா? மூன்று பேரும் பழைய வரிசையிலேயே நின்று வந்தோம். பிள்ளைகளின் ஓசிஐ பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொன்று. 20 வயதுக்குள் பாஸ்போர்ட் மாற்றும் ஒவ்வொரு முறையும் புது அட்டை எடுக்கும் தொல்லை இப்போது இல்லை. புதுப் பாஸ்போர்ட்டின் நகலையும் புகைப்படத்தையும் இணையத்தில் ஏற்றினால் சரி.

மெட்ரோ நங்கநல்லூர்க்காரர்களுக்கு வரம். சென்ட்ரலுக்குப் போக ஆட்டோவில் கிண்டியைத் தாண்டுவதற்குள் ரயிலில் பாதி வழி போய்விடலாம். ஆட்டோ கதை மாறவில்லை, உருவம்தான் மாறியிருக்கிறது. செயலியில் ஒரு தொகை காட்டும். உடனே ஓட்டுநர் போன் செய்து, "எங்க மேடம் போகணும்? மேல முப்பது ரூபா போட்டுக் குடுங்க" என்பார். ஒத்துக்கொண்டால் இரண்டு நிமிடத்தில் வந்துவிடுகிறார், அதையும் சொல்ல வேண்டும்.

இளநீர்க்காரர், பூக்காரம்மா, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்பவர் என்று எல்லாரிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது. ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டினால் விநோதமாகப் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியா உட்பட சில நாடுகளின் மொபைல் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளலாம் என்று 2023லேயே அறிவித்துவிட்டார்கள். ஆனால் அதற்கு வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். இரண்டு வருடம் வரவு செலவு இல்லாத கணக்கைச் செயல்படாத கணக்கு என்று ஒதுக்கி வைப்பது ரிசர்வ் வங்கியின் விதி. என் கணக்கு அந்த வரிசையில் போய்விட்டது. கிளைக்குப் போனேன். முதலில் பாஸ்போர்ட் நகல் என்றார்கள். அப்புறம் வெளிநாட்டு முகவரிச் சான்று. அப்புறம் அந்த மேஜைக்காரர் விடுப்பு. அப்புறம் சிஸ்டம் டவுன். எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் யாருடைய நேரமும் போயிருக்காது. ஒரு வழியாகக் கணக்கு உயிர்பெற்றபோது நாங்கள் பெட்டி கட்டத் தொடங்கியிருந்தோம். அதுவரை இளநீர் முதல் பல் மருத்துவர் வரை தங்கை கட்டினாள், நான் அவளுக்கு ரொக்கமாகக் கொடுத்தேன். நாற்பத்தாறு வயதில் கடைக்குப் போகத் தங்கையிடம் காசு கேட்டு நிற்பது ஒரு தனி அனுபவம்.

அம்மா விஷயத்தில் மட்டும் எனக்குக் குறையே இல்லை. ரத்தப் பரிசோதனைக்குக் காலை ஆறரைக்கெல்லாம் வீட்டுக்கு ஆள் வந்துவிடுகிறார், மாலைக்குள் முடிவு வாட்ஸ்அப்பில். மாத்திரையும் வாசலுக்கு வருகிறது. மெல்பர்னில் இதற்கெல்லாம் வண்டி எடுத்துக்கொண்டு அலைகிறேன். பால் மட்டும் அம்மாவுக்கு ஆவின் பச்சைப் பாக்கெட்டாக, பழைய அட்டை முறையில், பழைய பூத்திலிருந்தே வர வேண்டும். அதில் எந்தச் செயலியையும் உள்ளே விடமாட்டார்.

சரி, குடும்பமாக மலைக்குப் போன கதைக்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் குடும்பம், கோவையிலிருந்து பெரியம்மா மக்கள், சித்தப்பா, அத்தை என்று எல்லாரும் கல்யாணம் கருமாதி இல்லாமல் ஒருமுறை கூடவேண்டும் என்பது தங்கையின் பிடிவாதம். அதுவும் கூடாரம் போட்டுத்தான் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். அண்ணனுக்குக் கொடைக்கானல் ஆசை. 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் வந்தது அது, இலவசம்தான், எடுப்பதும் எளிது. எங்களைத் தடுத்தது பாஸ் அல்ல, தூரம். அம்மாவால் ராத்திரி முழுக்க வேனில் உட்கார முடியாது. அதனால் ஏலகிரி.

பாதிப் பேர் வேனில் போனார்கள், வழியில் ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தியதால் எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். அம்மாவோடு நாங்கள் ஜோலார்பேட்டைக்கு ரயில். டிக்கெட் போட்டது தங்கை வீட்டுக்காரர். முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் தொடங்குகிறது, இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு வேண்டும். என் போன்ற ஓசிஐக்காரர்கள் 182 நாள் இங்கே தங்கினால்தான் ஆதாருக்கே விண்ணப்பிக்கலாம். ஆகவே ஊரில் ஒரு நல்ல மாப்பிள்ளை இருப்பது அவசியம். ஜோலார்பேட்டை வந்ததும் சித்தப்பா உற்சாகமாகிவிட்டார். ரயில்வேயில் இருந்தபோது சில வருடம் இங்கேதான் குவார்ட்டர்ஸ். 2019 பஞ்சத்தில் சென்னைக்குத் தண்ணீர் ரயில் கிளம்பியது இந்த ஊரிலிருந்துதான் என்று பிள்ளைகளிடம் சொன்னார். ஐம்பது வேகனில் தண்ணீரா என்று என் மகன் அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் புலவர் பெயரோ வள்ளல் பெயரோ வைத்திருக்கிறார்கள். மகள் விக்டோரியாவில் பிளஸ் டூ மாதிரியான விசிஇ தேர்வுக்குத் தமிழை ஒரு பாடமாக எடுக்கப்போகிறாள். பலகையைப் படித்துக் கபிலர், பாரி என்று அவள் சொல்லச் சொல்ல, அம்மா முல்லைக்குத் தேர் கொடுத்த கதையை ஆரம்பித்தார். இதுவரை அந்தக் கதையை என்னிடம்கூட இவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை.

முகாம் ஒரு தனியார் தோப்பில். பெயர் வேண்டாம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் நான்கு பேர் கூடாரம் என்றிருந்தது. இரண்டு பெரியவரும் ஒரு தலையணையும் படுக்கலாம். அத்தனை பேருக்கும் ஒரே ஒரு கீசர். போர்வை கேட்டால் 'வருது' என்ற பதில் வந்தது, போர்வை வரவில்லை. அம்மாவுக்கும் அத்தைக்கும் பக்கத்திலேயே அறை எடுத்திருந்தோம், அந்த ஒன்றுதான் உருப்படியான முடிவு. ஆனால் முகாமின் சமையல்காரம்மா வைத்த சாமைச் சோற்றுக்கும் நாட்டுக்கோழிக் குழம்புக்கும் முன்னால் போர்வைச் சண்டை அடங்கிப்போனது. சிங்கப்பூர், கோவை, மெல்பர்ன் பிள்ளைகள் தங்களுக்குள் ஆங்கிலம்தான். தீ மூட்டி உட்கார்ந்ததும் சித்தப்பா பேய்க்கதை ஆரம்பிக்க, பயந்தவர்கள் எல்லாரும் தமிழில்தான் கத்தினார்கள்.

மறுநாள் ஏலகிரியின் உச்சியான சுவாமிமலை ஏற்றம். 1,300 மீட்டருக்குச் சற்று மேல், ஒன்பது வயதுப் பையனுக்குச் சரியான உயரம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததற்குப் பிறகு காட்டுக்குள் இஷ்டத்துக்கு நடக்கவோ தங்கவோ முடியாது. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள், ஏலகிரியும் அதில் உண்டு. இணையத்தில் பணம் கட்டி நாள் குறித்தால் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருகிறார்கள். இந்தப் பயணத்தில் நான் பார்த்த சேவைகளில் இதற்குத்தான் முதல் மதிப்பெண். எங்களோடு வந்த தம்பி பிள்ளைகளின் வேகத்துக்கு நடந்தார், ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் சொன்னார், கீழே போட்ட மிட்டாய்த் தாளை என் அண்ணனையே குனிந்து எடுக்க வைத்தார். வர நினைப்பவர்கள் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தவிர்த்துவிடுங்கள். காட்டுத்தீக் காலம் என்று பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

செலவுக் கணக்கைத் தங்கை குழுவில் போட்டதும் ஐந்து நிமிடத்தில் எல்லாரும் யுபிஐயில் தீர்த்துவிட்டார்கள், அண்ணனையும் என்னையும் தவிர. அடுத்த தடவை கொல்லிமலை என்று கோவைப் பிள்ளைகள் இப்போதே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே 70 கொண்டை ஊசி வளைவு. ஏற்காடு என்றால் வருகிறேன், அங்கே இருபதுதான் என்கிறார் அம்மா.