டூம் 3, ஹேலோ 2, ஹாஃப்-லைஃப் 2: 2004இன் விமர்சகர்கள் எங்கே தவறினார்கள்?

2004ஆம் ஆண்டின் கடைசி ஐந்து மாதங்களில், துப்பாக்கி சுடும் வீடியோ விளையாட்டுகளின் மூன்று பெரிய தொடர்ச்சிகள் வெளிவந்தன. ஓகஸ்ட்டில் இட் சொஃப்ட்வெயாரின் டூம் 3, நவம்பர் 9ஆம் திகதி பங்ஜியின் ஹேலோ 2, சரியாக ஒரு வாரம் கழித்து வால்வின் ஹாஃப்-லைஃப் 2. விமர்சனங்களின் சராசரியைச் சொல்லும் மெட்டாகிரிட்டிக்கில் அவற்றுக்கு நூற்றுக்குக் கிடைத்த புள்ளிகள் முறையே 87, 95, 96. கொழும்பில் அந்தக் காலத்து விளையாட்டுப் பிரியர்கள் கூடினால் இந்த வரிசையை இன்றும் வேதவாக்காகச் சொல்வார்கள். எனக்கு அந்த வரிசையுடன் பெரிய சண்டை இல்லை. விமர்சகர்கள் எந்தக் குறையைப் பெரிதாக்கினார்கள், எதைச் சின்னதாக்கினார்கள் என்பதில்தான் சண்டை.

இருட்டில் அரக்கர்களைச் சுட்டுத் தப்பும் திகில் விளையாட்டான டூம் 3ஐ எடுத்துக்கொள்வோம். இட் நிறுவனத்தின் நிரலாளர் ஜோன் கார்மாக் உருவாக்கிய ஒளி-நிழல் நுட்பத்தை எல்லோரும் ஒருமனதாகப் புகழ்ந்தார்கள். அசையும் ஒவ்வொரு விளக்கும் சுவரில் உண்மையான நிழலை விழுத்தியது அன்று புதுமை. ஆனால் டோர்ச் விடயத்தில் அடித்து நொறுக்கினார்கள். டோர்ச்சைப் பிடித்தால் துப்பாக்கி இல்லை, துப்பாக்கியை எடுத்தால் வெளிச்சம் இல்லை. விளையாட்டின் நாயகனான எதிர்கால விண்வெளி வீரனிடம் இரண்டையும் சேர்த்துக் கட்ட ஓர் ஒட்டுநாடா இல்லையா என்று கேட்டார்கள்.

இந்தக் கேள்வி நியாயமாகத் தோன்றும், ஆனால் பயத்தின் வேலையை அது புரிந்துகொள்ளவில்லை. 2022இன் மின்வெட்டு நாட்களில் வெள்ளவத்தை மாடிக் குடியிருப்புகளின் படிகளில் ஒற்றை டோர்ச்சுடன் இறங்கியவர்களுக்குத் தெரியும்: வெளிச்சம் விழும் இடத்தைவிட விழாத இடமே மனத்தை ஆட்டும். பார்ப்பதா, சுடுவதா என்ற அந்தத் தெரிவுதான் டூம் 3இன் உயிர். 2012இல் மறுவெளியீடாக வந்த பிஎஃப்ஜி பதிப்பில் நிறுவனமே பணிந்துபோய் டோர்ச்சைக் கவசத்தில் பொருத்தியது. வசதி வந்தது, அச்சம் வடிந்தது. இவ்விளையாட்டின் உண்மையான குறை வேறு: சுவருக்குள் ஒளித்துவைத்த அறைகளிலிருந்து அரக்கர்கள் பாயும் அதே தந்திரம் திரும்பத் திரும்ப வருகிறது. அதையும் விமர்சகர்கள் சொன்னார்கள், 87 அதற்குப் பொருந்தும்.

ஹேலோ 2இல் பேச அதிகமில்லை. கதை உச்சத்தில் அறுந்துபோகிறது என்ற குறை முழுக்கச் சரி. முடிவுக்கு 2007இல் ஹேலோ 3 வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 95 புள்ளிகள் பெரும்பாலும் மைக்ரோசொஃப்ட்டின் இணைய விளையாட்டுச் சேவையான எக்ஸ்பொக்ஸ் லைவ் வழியாகப் பலர் சேர்ந்து ஆடும் பகுதிக்கானவை. சமமான ஆட்டக்காரர்களைத் தானே தேடிச் சேர்த்த அந்த முறை பின்னர் எல்லோருக்கும் வழிகாட்டியது. அந்தச் சேவை அன்று இலங்கைக்கு வரவில்லை. ஆகவே நமக்குக் கிடைத்தது அந்த அரைகுறைக் கதைதான்.

ஹாஃப்-லைஃப் 2 மூன்றிலும் சிறந்தது, இதில் எனக்கு ஐயமே இல்லை. புவியீர்ப்புத் துப்பாக்கியால் ரம்பத் தகட்டைத் தூக்கி எறியும் ரேவன்ஹோம் அத்தியாயமும், நாயகனுக்குத் துணைவரும் அலிக்ஸ் வான்ஸின் முகத்தில் ஓடும் உணர்ச்சிகளும் இன்றும் பழசாகவில்லை. படகில் செல்லும் பகுதி இழுபடுகிறது என்று சிலர் முணுமுணுத்தார்கள், அது உண்மைதான். ஆனால் கொழும்பிலிருந்து பார்த்தால் பெரிய குறை வால்வின் இணைய விநியோகச் சேவையான ஸ்டீம். ஐந்து சீடிகளைக் காசு கொடுத்து வாங்கியவரும், இணையத்தில் கணக்குத் திறந்து அனுமதி பெற்ற பிறகே விளையாட முடிந்தது. வெளியான நாளில் சேவையகங்கள் திணறின. மேலைநாட்டு விமர்சகர்கள் இதை ஒரு சின்னச் சிரமமாகக் குறிப்பிட்டுவிட்டு, 96 என்ற சராசரி குறையாமல் பார்த்துக்கொண்டார்கள். வீட்டுத் தொலைபேசிக் கம்பியில் டயல்-அப் இணைப்பு முனகிய ஊரில் அது பூட்டிய கதவு. நேர்மையாக வாங்கியவர் வாசலில் நிற்க, உடைத்துப் பிரதியெடுத்த சீடி வைத்திருந்தவர் உள்ளே ஆடிக்கொண்டிருந்தார். இந்த அநியாயத்துக்கு எந்தப் புள்ளியும் குறையவில்லை என்பதே எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இன்று இணைய இணைப்பு அந்த அளவுக்குத் தடையாக இல்லை. 2024 நவம்பரில், இருபதாம் ஆண்டை ஒட்டி, வால்வ் தன் படைப்பாளர்களின் குரல் விளக்கங்களுடன் ஹாஃப்-லைஃப் 2ஐப் புதுப்பித்தது. ஹேலோ 2உம் 2020 முதல் ஹேலோ விளையாட்டுகளைச் சேர்த்துத் தரும் மாஸ்டர் சீஃப் தொகுப்பில் கணினிக்கு வந்துவிட்டது. ஒன்றுக்கு மட்டுமே நேரம் உள்ளவர் ஹாஃப்-லைஃப் 2ஐ ஆடட்டும். அதன்பின் டூம் 3க்கு வருபவர் 2004இன் பழைய பதிப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும், டோர்ச் கையிலேயே இருக்கும் பதிப்பை.