மாசி வீதிகளில் கைபேசியோடு: ஓபன்ஸ்ட்ரீட்மேப் திருத்தத்தில் மூன்று ஆண்டுகள்

மதுரை மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளையும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சரிபார்க்கும் வேலையை, நடுத்தர விலையில் வாங்கிய ஓர் ஆண்ட்ராய்டு கைபேசியைக் கொண்டு மூன்று ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். 2004-இல் தொடங்கிய இந்த வரைபடத்தை யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஆனால் தெருவில் நின்றுகொண்டு எதைத் திருத்துவது, எதை வீட்டுக் கணினிக்கு விட்டுவைப்பது என்பது எனக்குப் பட்டுத்தான் தெரிந்தது.

ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி, சாலையின் தளம் தாரா சிமெண்டா, கட்டடத்துக்கு எத்தனை மாடி என்பது போன்ற கேள்விகளை வரைபடத்தின் மேலேயே காட்டுவதால், நடந்துகொண்டே விடை சொல்லிவிடலாம். வெஸ்பூச்சி அப்படியல்ல, கோடுகளையும் புள்ளிகளையும் நேரடியாக மாற்றும் முழுத் திருத்தி அது. முதல் ஆண்டில், தவறுதலான திருத்தங்களைத் தடுக்கும் அதன் பூட்டுக் குறியைத் திறந்தபடியே ஒற்றைக் கையால் படத்தை நகர்த்தியதில் ஒரு புள்ளி இழுபட்டுவிட, அதைக் கவனிக்காமல் பதிவேற்றியும் விட்டேன். வரைபடத்தில் அந்தச் சந்து ஒரு வீட்டுக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வந்தது; வேறொரு பங்களிப்பாளர் சுட்டிக்காட்டிய பிறகே சரிசெய்தேன். அன்று முதல் வடிவத் திருத்தம் எதையும் வெளியில் செய்வதில்லை. வெட்டவெளியில் சில மீட்டர் துல்லியம் தரும் ஜிபிஎஸ், மாடிக் கட்டடங்கள் நெருக்கும் சந்துகளில் அலைகள் சுவரில் பட்டுத் திரும்புவதால் அடுத்த தெருவுக்கே தாவிவிடுகிறது என்பதும் இதற்கொரு காரணம்.

வெயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கு மேல் கைபேசி சூடேறித் திரை தானாகவே மங்கிவிடுவதால், காலை ஆறு முதல் எட்டரை வரைதான் என் வேலை நேரம்.

கைபேசி உண்மையில் கைகொடுப்பது பெயர்களில். ஆங்கிலத்தில் 'வெஸ்ட் மாசி ஸ்ட்ரீட்' என்று இருப்பதை மேசையில் உட்கார்ந்து தமிழாக்குபவர் 'மேற்கு மாசி வீதி' என்றுதான் எழுதுவார். ஊர் வழக்கோ மேல மாசி வீதி. அதன் எதிர்த்திசை கீழ மாசி வீதி, ஆனால் மற்ற இரண்டும் வடக்கு, தெற்கு என்றே வழங்குகின்றன. இந்த ஒழுங்கின்மையை எந்த விதியாலும் ஊகிக்க முடியாது. பலகைக்கு முன்னால் நின்று, ஒருமுறை படமெடுத்துக்கொண்டு, தமிழ்ப் பெயருக்கான தனிப் புலத்தில் அங்கேயே தட்டச்சு செய்துவிடுவதே என் வழக்கம்.

அப்படி நிற்கும்போது ஒரு டீக்கடைக்காரர், "என்ன தம்பி, கார்ப்பரேஷன்ல இருந்தா? ரோட்ட அகலப்படுத்தப் போறாங்களா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லிவிட்டு, கடை எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று செயலி கேட்ட கேள்வியை அவரிடமே கேட்டேன். "பால் தீர்ற வரைக்கும்" என்றார். நேரக் கட்டங்களில் அதை நிரப்ப வழியில்லாததால், அந்தக் கேள்வியை இன்னும் விடையில்லாமலே விட்டுவைத்திருக்கிறேன்.