கிரிப்டோ மோசடி: நான் வீணாக்கிய ஒன்பது நாட்களை நீங்கள் வீணாக்காதீர்கள்

ஒரு கிரிப்டோ தளத்தில் பணம் போட்டுவிட்டு, எடுக்கப் போகும்போது "வரி கட்டினால்தான் விடுவிப்போம்" என்ற செய்தி உங்களுக்கு வந்திருக்கிறதா? அப்படியென்றால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் இதைப் படியுங்கள். அந்த வரியைக் கட்டாதீர்கள். நான் கட்டினேன். கட்டிய பிறகு "பாதுகாப்பு வைப்புத்தொகை" என்று அடுத்ததைக் கேட்டார்கள்.

எனக்கு இது ஒரு தவறான எண்ணுக்கு வந்த செய்தியாகத்தான் தொடங்கியது. மன்னிப்புக் கேட்டவர் அப்படியே பேச்சைத் தொடர்ந்தார். ஆறு வாரம் பேசினோம். அதில் ஒரு நாள்கூடப் பணம் என்ற பேச்சே வரவில்லை. அப்பா உடல்நிலை, வேலை அலுப்பு, தூக்கமின்மை என்று எல்லாம் பேசினோம். அப்புறம் ஒரு நாள், தான் டிரேடிங் செய்யும் செயலியைக் காட்டினார். சோதனைக்காக 200 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்பில் இருக்கும்படி வெளியிடப்படும் கிரிப்டோ நாணயம்) போட்டேன். அன்றிரவே 50 எடுத்துப் பார்த்தேன், வந்தது. அந்த 50 வந்ததுதான் என்னைக் கவிழ்த்தது. அதன்பின் பல தவணைகளில் மொத்தம் 4,800 யுஎஸ்டிடி வரை போட்டேன். திரையில் 11,340 என்று காட்டியது. எடுக்கக் கேட்டதும் "கணக்கு ஆய்வில் உள்ளது" என்றார்கள். மறுநாள் 15 சதவீதம் வரி, அதாவது 1,701 யுஎஸ்டிடி கட்டச் சொன்னார்கள். இருக்கும் தொகையிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, பணமோசடித் தடுப்பு விதிப்படி கழிக்க முடியாது, புதிதாகத்தான் அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலேயே நான் விழித்திருக்க வேண்டும். வரி என்றால் தொகையிலிருந்து பிடிப்பார்கள், இல்லையென்றால் நாமே பிறகு அரசுக்குக் கட்டுவோம். உங்கள் பணத்தை எடுக்க, தளத்தின் வாலட்டுக்கு, அதாவது அவர்களின் கிரிப்டோ பணப்பைக்கு, இன்னொரு தொகை அனுப்பச் சொல்வது வரியே அல்ல.

இந்த வகை மோசடிக்குச் சீன மொழியில் 'ஷா ஜூ பான்' என்று பெயர். பன்றியைக் கொழுக்க வைத்து அறுப்பது என்று பொருள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, ஏமாந்தவரை அது இழிவுபடுத்துகிறது. ஆனால் வேலை நடக்கும் விதத்தை அது சரியாகச் சொல்கிறது.

இனி நான் செய்த பெரிய தவறு. ஏமாந்துவிட்டேன் என்று தெரிந்த பிறகும் ஒன்பது நாட்கள் அவர்களிடமே கெஞ்சிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற பயத்தில் பழைய உரையாடலை அழித்தேன். கடைசியில் சைபர் குற்றப் பிரிவுக்குப் போனபோது என் கையில் இருந்தது 11,340 என்ற எண் தெரியும் ஸ்கிரீன்ஷாட் மட்டும். அங்கிருந்த அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "இது அவங்க உங்களுக்குக் காட்டின நம்பருங்க. நீங்க அனுப்பினதுக்கு ஆதாரம் எங்கே? டிரான்சாக்‌ஷன் ஐடி இருக்கா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துப்போனது.

நல்ல வேளையாக அது அழியவில்லை. நான் யுஎஸ்டிடி வாங்கிய எக்ஸ்சேஞ்சின், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளத்தின், வரலாற்றுப் பக்கத்தில் ஒவ்வொரு அனுப்புதலுக்கும் 64 எழுத்துகள் கொண்ட அந்த ஐடி இருந்தது, 'T' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெறுநர் முகவரியும் இருந்தது. நான் அனுப்பியது டிரான் என்ற பிளாக்செயின் வலைப்பின்னலில், அங்கே முகவரிகள் அப்படித்தான் தொடங்கும். உங்கள் புகாரின் முதுகெலும்பு இந்த ஐடிகள்தான். அவற்றைப் படமாக மட்டும் கொடுக்காமல் எழுத்தாகவும் நகலெடுத்துக் கொடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் தேடல் வேறெங்கோ போய்விடும். நேரத்தை எழுதும்போது எந்த நேர மண்டலம் என்றும் குறிப்பிடுங்கள். தளத்தின் முழு இணைய முகவரி, செயலியை இறக்கிய இணைப்பு, எதிராளியின் எண், உரையாடலின் முழு ஏற்றுமதி எல்லாவற்றையும் வையுங்கள். அவமானமாக இருந்தாலும் எதையும் அழிக்காதீர்கள்.

"கிரிப்டோவுக்குச் சட்ட அங்கீகாரமே இல்லை, போலீஸ் என்ன செய்யும்?" என்று என்னிடம் சொல்லாதவர் இல்லை. அது தவறு. பொய் சொல்லி ஒருவரின் பொருளைப் பறிப்பது ஏமாற்றுக் குற்றம். பறித்தது காசா, நகையா, கிரிப்டோ டோக்கனா என்பதால் குற்றம் இல்லையென்று ஆகிவிடாது. டோக்கன் 'சொத்து' ஆகுமா என்ற கேள்விக்கும் நீதிமன்றங்கள் விடை சொல்லி வருகின்றன. 2019 டிசம்பரில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பிட்காயினைச் சொத்தாக ஏற்று அதன் மீது தடையாணை பிறப்பித்தது. 2023-இல் சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் யுஎஸ்டிடியைச் சொத்தாக ஏற்றது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றமும் கிரிப்டோவைச் சொத்து என்றே கூறியது. இது வழக்கறிஞர்களுக்கு மட்டுமான விவாதம் இல்லை. சொத்து என்று ஏற்றால்தான் அதை முடக்கவும், உரியவரிடம் திருப்பித் தரவும் உறுதியான பிடி கிடைக்கிறது.

சட்டம் இருக்கிறது, ஆனால் அதன் கை எட்டும் இடங்கள் குறைவு. பிளாக்செயினில், அதாவது கிரிப்டோ பரிமாற்றங்கள் பதிவாகும் பொதுப் பேரேட்டில், போனதை யாராலும் பின்னோக்கித் திருப்ப முடியாது. அதே சமயம் பணம் எங்கே போனது என்பதும் அதில் மறையாது. பிடிக்கக்கூடிய இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, அடையாளம் சரிபார்த்துக் கணக்குத் தரும் எக்ஸ்சேஞ்ச். பணமோசடித் தடுப்புக்கான சர்வதேச அமைப்பான எஃப்ஏடிஎஃப், அனுப்புநர், பெறுநர் விவரங்களைப் பரிமாறிக்கொள்ளும் விதியை 2019-இல் கிரிப்டோ நிறுவனங்களுக்கும் நீட்டியது. எல்லா நாடுகளும் அதை ஒரே அளவில் நடைமுறைப்படுத்தவில்லை. இரண்டாவது, யுஎஸ்டிடி போன்ற நாணயத்தை வெளியிடும் நிறுவனம். ஒரு முகவரியில் இருக்கும் டோக்கனை அதனால் முடக்க முடியும். பிட்காயினில் அப்படி முடக்க எந்த நிறுவனமும் கிடையாது, அதைச் செலவழிக்க உதவும் இரகசியக் குறியீடான சாவி கிடைத்தால்தான் உண்டு. 2016-இல் பிட்ஃபைனெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சிலிருந்து ஏறக்குறைய 1,20,000 பிட்காயின் திருடு போனது. 2022-இல் அமெரிக்க அதிகாரிகள் அதில் சுமார் 94,000 பிட்காயினைக் கைப்பற்றினார்கள். திருடியவரின் கிளவுடு கணக்கில் சாவிகள் இருந்த கோப்பு சிக்கியதால்தான் அது முடிந்தது. ஆறு ஆண்டு கழித்தும் தடம் அழியவில்லை என்பது உண்மை. ஆனால் நம்மைப் போன்றவர்களின் சிறு தொகைக்காக அவ்வளவு ஆள் பலம் இறங்காது. நம் கையில் இருப்பது வேகம் மட்டும்தான்.

என் பணத்தின் தடத்தைப் பிறகு விசாரணை அதிகாரியுடன் உட்கார்ந்து பார்த்தேன். அனுப்பிய நாற்பது நிமிடத்தில் மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு பங்கு வேறு வலைப்பின்னல்களுக்குத் தாவிவிட்டது. மூன்றாவது பங்கு நான்காம் நாள் ஓர் எக்ஸ்சேஞ்சின் வைப்பு முகவரிக்கு வந்திருக்கிறது. அந்த நான்காம் நாள் நான் அவர்களுக்கு "தயவுசெய்து" என்று செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். முடக்கக் கோரும் கடிதம் போனது பன்னிரண்டாம் நாள். கணக்கில் மிச்சம் இருந்தது 312 யுஎஸ்டிடி. கணக்கு யார் பெயரிலோ இருந்தது. கமிஷனுக்குத் தன் அடையாளத்தைக் கொடுத்த ஒருவர் என்றே விசாரணையில் தெரிகிறது. அப்படிக் கொடுப்பவரும் வழக்கில் சிக்குவார். கணக்கை வாடகைக்குக் கேட்டு உங்களிடம் யாராவது வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

நீங்கள் எந்த எக்ஸ்சேஞ்சிலிருந்து பணத்தை அனுப்பினீர்களோ, அதற்கும் உடனே எழுதுங்கள். நான் எழுதியபோது எனக்குக் கிடைத்தது தானியங்கிப் பதில்தான். புகார் எண்ணைச் சேர்த்து மறுபடி எழுதிய பிறகே ஒரு மனிதர் பதில் சொன்னார்.

அடுத்த மோசடிக் கூட்டம் அதற்குப் பிறகு வரும். ஏமாந்ததைப் பொதுவில் எழுதிய இரண்டே நாளில், மீட்டுத் தருவதாக மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் வழக்கறிஞர் என்றார், முத்திரை போட்ட 'நீதிமன்ற உத்தரவு' ஒன்றை அனுப்பி முன்பணம் கேட்டார். இன்னொருவர் என் வாலட்டின் சீட் ஃபிரேஸை, அதாவது வாலட்டைத் திறக்கும் இரகசியச் சொற்களைக் கேட்டார். 2023-இல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இத்தகைய மீட்பு நிறுவனங்கள் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது. எந்தத் தனியார் ஆளாலும் ஒரு முகவரியை முடக்க முடியாது. சீட் ஃபிரேஸைக் கேட்பவர் திருடர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

என் வழக்கு இன்னும் நடக்கிறது. முடக்கிய 312-ஐ விடுவிக்க நீதிமன்ற உத்தரவு வர வேண்டும். தாவிப்போன இரண்டு பங்கில் ஒன்று, ஐந்து மாதமாக ஒரு முகவரியில் அசையாமல் கிடக்கிறது. வாரம் ஒரு முறை அதைத் திறந்து பார்க்கிறேன். அசைந்தால் அன்றே அதிகாரிக்குத் தெரிவிக்க, கடிதத்தைத் தயாராக எழுதி வைத்திருக்கிறேன்.