மடித்து வந்த கார்ப்பெட்: வாங்கலாம், ஆனால் சுருட்டித் தரச் சொல்லி வாங்குங்கள்

செங்கோட்டையில் சாரல் தொடங்கிய வாரத்தில்தான் இந்தக் கார்ப்பெட்டை ஆன்லைனில் வாங்கினேன். 5-க்கு 8 அடி, பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழை, மிஷின் நெசவு, 3,200 ரூபாய். நிறமும் பூவேலையும் படத்தில் பார்த்தபடியே இருக்கின்றன, இழை உதிரவில்லை, புது வாடையும் இரண்டு நாளில் போய்விட்டது. பொருளில் எனக்குக் குறையே இல்லை. அனுப்பிய விதத்தில்தான் குறை. சுருட்டி அனுப்ப வேண்டியதை எட்டு மடிப்பாக மடித்து, காற்றை உறிஞ்சி எடுத்த பிளாஸ்டிக் உறைக்குள் தலையணை அளவுக்கு அமுக்கி அனுப்பியிருந்தார்கள்.

விரித்துப் பார்த்தால் நெடுக ஒரு பள்ளம், குறுக்கே மூன்று கோடுகள். குனிந்து கவனித்தபோதுதான் தெரிந்தது, குறுக்குக் கோடு ஒவ்வொன்றும் பாதி தூரம் கூரை முகடு மாதிரி மேடாகவும், மீதி தூரம் வாய்க்கால் மாதிரி பள்ளமாகவும் இருந்தது. முதலில் நீளவாக்கில் இரண்டாக மடித்துவிட்டு அதன்மேல் குறுக்கே மடித்ததால் வந்த வினை. அழகு கெட்டதுகூடப் பரவாயில்லை. என் அம்மாவுக்கு 74 வயது, பாதத்தை இழுத்துத்தான் நடப்பார். அந்த மேடு இரண்டு விரல் உயரம். முதல் நாளே அதில் கால் தட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றைக்கே கார்ப்பெட்டைத் தூக்கி மச்சில் போட்டேன்.

தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணாச்சியிடம் கேட்டேன். ஒரு ஓரத்து இழையை விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "எம்மா, இது பிளாஸ்டிக் நூலு. பெட்டிய வச்சா உருகி ஒட்டிக்கிடும், வெயில்ல போடுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி பக்கம் உருகிவிடும், அதற்கு முன்பே இளகிப் பளபளப்புத் தட்டிவிடும். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டி அதையும் தாண்டிப் போகும்.

ஆனால் ஆனி மாதத்தில் இங்கே வெயிலுக்கு எங்கே போக? ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் தூறல். மொட்டை மாடித் தளம் கொஞ்சம் சூடேறுகிற நேரம் பார்த்து, பூவேலை கீழே இருக்குமாறு கவிழ்த்துப் போட்டேன். முக்கால் மணி நேரம் கிடைத்தாலே அடிப்பக்கப் பசை இளகிக் கை வைத்தால் துவள்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் நாலு அங்குல பிவிசி குழாயில் சுற்றி, பழைய வேட்டியைக் கிழித்து மூன்று இடத்தில் கட்டி, ராத்திரி முழுக்க விட்டேன். கயிறு வேண்டாம், அதுவே தடம் போட்டுவிடும்.

"எதிர்ப்பக்கமாகச் சுருட்டு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதாவது பூவேலை வெளியே தெரியும்படி. அப்படிச் செய்தால் பள்ளம்தான் நிமிர்கிறது, மேடு அப்படியே நிற்கிறது. மேட்டுக்குப் பூவேலை உள்ளே போகும்படி சுருட்ட வேண்டும். என்னுடையதில் இரண்டும் கலந்திருந்ததால் ஒரு நாள் வெளியே, மறுநாள் உள்ளே என்று மாற்றி மாற்றிச் சுற்றினேன். நெடுகப் போன பள்ளத்துக்கு அகலவாக்கில் தனியாக ஒருமுறை. கடைசியில் மிச்சமிருந்த முகடுகள்மேல் சாக்கு விரித்து 26 கிலோ அரிசி மூட்டையையும் அம்மிக்கல்லையும் இரண்டு நாள் ஏற்றி வைத்தேன். சூடாக இருக்கும்போதே பாரம் ஏற்றி, ஆறுகிறவரை எடுக்காமல் விட்டால் இழை அந்தப் படிமானத்திலேயே நின்றுவிடுகிறது. எல்லாம் சேர்த்துப் பதினோரு நாள். நல்ல வெயில் இருந்திருந்தால் நான்கு நாளில் முடிந்திருக்கும்.

வேறு இழை என்றால் இதே வைத்தியம் ஆகாது. கம்பளிக்கு ஈரத்துணி போட்டு ஆவி காட்டலாம், நன்றாகவே படியும். மரக்கூழில் செய்த, பட்டு மாதிரி மினுங்கும் விஸ்கோஸ் இழையில் தண்ணீர் பட்டால் மஞ்சள் கறை நிற்கும், சணலில் பழுப்புத் தடம் விழும். இரண்டுக்கும் பாரமும் பொறுமையும்தான். அடியில் லேட்டக்ஸ் என்ற ரப்பர் பசை பூசியது எதுவாக இருந்தாலும் நாள் கணக்கில் வெயிலில் போடாதீர்கள், பூச்சு காய்ந்து பொடியாக உதிரும். எங்கள் வீட்டு பவானி ஜமக்காளம் வருஷக்கணக்காகப் பீரோவில் மடித்தே கிடக்கிறது, விரித்து ஒரு பொழுது ஆள் உட்கார்ந்தால் மடிப்பு காணாமல் போகிறது. பருத்தி, அடியில் பசை கிடையாது. அதனால்தான்.

5-க்கு 3 கொடுக்கிறேன். கழித்த இரண்டும் அந்த மடிப்புக்கு. வயதானவர்கள் இருக்கிற வீடு என்றால், சுருட்டித்தான் அனுப்புவோம் என்று விற்பவர் எழுத்தில் சொன்னால் மட்டும் வாங்குங்கள். மடித்து வந்துவிட்டால் உறையைப் பிரித்த அன்றே வேலையைத் தொடங்குங்கள், மேடு படிகிறவரை நடமாடும் இடத்தில் விரிக்க வேண்டாம்.

இப்போது ஒரு மூலை மட்டும் நகம் அளவுக்குத் தூக்கியிருக்கிறது. அதைச் சோபாக் காலுக்கு அடியில் கொடுத்திருக்கிறேன். வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை. நேற்று சாயங்காலம் அம்மா அதன்மேல் நடந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.