முடி நட 90,000 ரூபாய் கொடுத்தேன், பின்னந்தலையும் போச்சு

இன்று மதியம் அந்தக் கிளினிக்கிலிருந்து வந்த கையோடு எழுதுகிறேன். கோபத்தில் கை நடுங்குகிறது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் போடாதே என்று வக்கீல் நண்பர் சொல்லிவிட்டார். கோவையில் கீழே அழகு நிலையம், மாடியில் முடி நடும் இடம் என்று நடத்தும் வகையறா, அவ்வளவு போதும்.

போன வருடம் முதல் தடவை போனபோது வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு அம்மா உட்காரவைத்துப் பேசினார். டாக்டர் என்றே நினைத்தேன், கவுன்சிலர் என்று பிறகுதான் தெரிந்தது. கறுப்பு மார்க்கரால் என் நெற்றியில் ஒரு கோடு போட்டு, கண்ணாடியைக் கையில் கொடுத்து, "முடி இதுவரைக்கும் வரும் தம்பி, உங்க அம்மா பார்த்தா அழுதுடுவாங்க" என்றார். கண்ணாடியில் காலேஜ் படித்த காலத்து என் முகம் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம்தான், விழுந்துவிட்டேன். 3,000 கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் சின்ன முடிக்கொத்து), ஒன்றுக்கு 30 ரூபாய், இன்றே கட்டினால்தான் இந்த விலை என்றார்கள். அக்கா கல்யாணக் கடனெல்லாம் அடைத்து முடித்து, எனக்கென்று முதல்முறையாக எடுத்த சீட்டுப் பணம் 90,000 ரூபாயையும் அங்கேயே உட்கார்ந்து ஜிபேயில் அனுப்பினேன்.

ஆபரேஷன் அன்று டாக்டர் வந்தார், மரத்துப்போக ஊசி போட்டார், பத்தே நிமிடம், அப்புறம் ஆளைக் காணோம். பிடரியிலிருந்து முடி எடுத்ததும் முன்னால் நட்டதும் இரண்டு சின்னப் பையன்கள். குப்புறப் படுத்திருந்த எனக்கு அவர்கள் செருப்பு மட்டும்தான் தெரிந்தது. "எவ்ளோடா ஆச்சு?" என்று ஒருவன் கேட்க, "விடுடா, மூவாயிரம்னு போட்டுக்கலாம்" என்றான் மற்றவன். அப்போதே எழுந்து கேட்டிருக்க வேண்டும். தலையில் பாதி ஓட்டை போட்ட பிறகு எங்கே எழுவது?

அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். ஒரு வாரம் தலையை உயர்த்தி வைத்துத் தூங்கச் சொன்னார்கள், நட்ட இடத்தில் சலைன் (உப்புநீர்) அடிக்கச் சொன்னார்கள். மூன்றாம் நாள் நெற்றி வீங்கிக் கண் வரை இறங்கும் என்றார்கள், இறங்கியது. பத்து நாளில் பொருக்கு உதிரும் என்றார்கள், உதிர்ந்தது. மூன்றாவது வாரம் நட்ட முடியெல்லாம் தலையணையில் கிடக்க, பதறிப்போய்ப் போன் பண்ணினேன். இது ஷாக் லாஸ், நட்ட முடி முதலில் இப்படி உதிரத்தான் செய்யும், வேர் உள்ளே இருக்கிறது, மூன்று நான்கு மாதத்தில் முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருடம் ஆகும் என்றார்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஒழுங்காகச் செய்தவர்களுக்கும் இப்படித்தான் ஆகும். அந்த உண்மையைச் சொல்லியே என்னை ஒரு வருடம் கட்டிப்போட்டார்கள்.

நாலாம் மாதம் கேட்டால், முதலில் பூனைமுடிதான் வரும். ஆறாம் மாதம், மினாக்ஸிடில் (முடி வளரத் தலையில் தடவும் மருந்து) சரியாகப் போடுகிறீர்களா? எட்டாம் மாதம் பிஆர்பி (நம் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்துத் தலையில் போடும் ஊசி) போட்டால் சரியாகும் என்று இன்னும் 12,000. அப்புறம் அந்த அம்மா நம்பரே எடுக்கவில்லை, "அவங்க இப்ப இங்க இல்ல சார்" என்று புதுப் பையன் ஒருவன்.

போன வாரம் முடி வெட்டப் போனேன். மெஷினைப் பிடரியில் வைத்த சலூன்காரத் தம்பி நிறுத்திவிட்டு, "அண்ணா, பின்னாடி என்ன புழுவெட்டா?" என்றான். உடனே தோல் டாக்டரிடம் ஓடினேன். லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரே இடத்தில் நெருக்கி நெருக்கி எடுத்திருக்கிறார்கள், எடுக்கும்போதே நிறைய வேர் அறுந்திருக்கிறது, எடுத்த இடத்தில் இனி முளைக்காது என்றார். முன்னால் வந்திருப்பது ஆயிரம்கூடத் தேறாது. இன்னொரு தடவை செய்துகொள்ளலாம் என்றாலும் எடுக்கப் பின்னால் முடி இல்லை. 90,000 ரூபாயைக் கொடுத்து இருந்ததையும் பறிகொடுத்திருக்கிறேன்.

இன்று போய் 90,000-ஐத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டி, பலன் ஆளுக்கு ஆள் மாறும் என்ற வரியைக் காட்டினார்கள். "உங்க உடம்பு வாகு சார்." எத்தனை கிராஃப்ட் எடுத்தீர்கள், கணக்கைக் காட்டுங்கள் என்றேன், இல்லை. அதே தாளில் டாக்டர் கையெழுத்துப் போடும் இடம் காலி!

விவரமாக எழுத நினைத்தேன், மனசு ஓடவில்லை. யார் கையால் எடுப்பார்கள், யார் கையால் நடுவார்கள் என்று முதலில் கேளுங்கள். பதிவுபெற்ற, அறுவைப் பயிற்சி உள்ள மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. 2016-ல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே முடி நட்டுக்கொண்ட பிறகு இறந்துபோனார், சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அன்றைக்கே பணம் கட்டாதீர்கள். பின்னந்தலையை முன்கூட்டியே போட்டோ எடுத்து வையுங்கள், கிராஃப்ட் கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு வருடம் பொறுங்கள் என்று அவர்கள் சொல்வதில் பாதி அதிலேயே போய்விடும். எனக்கு 13 மாதம் போய்விட்டது. பில், வாட்ஸ்அப் மெசேஜ், தோல் டாக்டர் எழுதிக் கொடுத்தது எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை மனு போடப் போகிறேன்.