பேஸ் கிட்டாரில் பிக்கப் மாற்றி மூன்று வருடம்

எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் போதகர், "ஒரு நிமிஷம் அமைதியா ஜெபிப்போம்" என்பார். எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தில் ஆலயத்துக்குள் ஒரே ஒரு சத்தம்தான் கேட்கும். என் பேஸ் கிட்டாரின் இரைச்சல். உடனே கை வால்யூம் குமிழுக்குப் போகும். முழுக்கக் குறைத்து வைத்துவிட்டு, பாட்டு எடுக்கும்போது மறுபடி ஏற்ற வேண்டும். எத்தனையோ ஞாயிறு அந்த முதல் சுரம் என் கையிலிருந்து வராமலே போயிருக்கிறது. ஆறு வருடம் இப்படியே ஓடியது.

கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக மாற்றுவது அதன் அடியில் இருக்கும் பிக்கப். 2022 நவம்பரில் இரண்டு பிக்கப்பையும் கழற்றிவிட்டு இரைச்சல் இல்லாத வகையைப் போட்டேன். அன்றிலிருந்து ஞாயிறு ஆராதனை, கிறிஸ்துமஸ் கேரல், நடுநடுவே நம் ஆட்களின் கல்யாணக் கச்சேரி எல்லாம் அதிலேயே வாசிக்கிறேன். பிக்கப் மாற்றினால் கிட்டார் புதுப் பிறவி எடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவம் வேறு. சத்தத்தை மாற்ற நினைத்தால் முதலில் கம்பியை மாற்றுங்கள். இரைச்சலை ஒழிக்க வேண்டுமென்றால், அதுவும் ரங்கூன் மாதிரி ஜெனரேட்டரிலும் இன்வெர்ட்டரிலும் ஓடும் ஊரில் வாசிப்பவராக இருந்தால், பிக்கப்புக்குக் கொடுக்கிற காசு வீண் போகாது.

கிட்டார் ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்தது, பெயர் எதுவும் இல்லாதது. கப்பலில் வேலை பார்த்த தாய்மாமா எங்கோ வாங்கி வந்து, கரையேறியபோது எனக்குக் கொடுத்தது. மரம் நல்ல மரம். கழுத்து இத்தனை மழைக்கும் வளையவில்லை. ஜாஸ் பேஸ் 1960இல் வந்தபோதே அதில் ஒற்றைச் சுருள் பிக்கப்தான் இருந்தது. என்னுடையதும் அதே முறை. ஒற்றைச் சுருள் என்றால் காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஒரே பக்கமாகச் சுற்றியிருக்கும். கிட்டார் கம்பி அதிர்வதை அது பிடிக்கும், பக்கத்தில் இருக்கிற டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலத்தையும் சேர்த்தே பிடிக்கும். இரண்டுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டு பிக்கப்பும் ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருந்ததால், இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்திருந்தால் இரைச்சல் அடங்கிவிடும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் திரும்ப வந்துவிடும். கீர்த்தனைக்குக் கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப் மட்டும் போதும், உருண்டையாக, மெத்தென்று கேட்கும். துள்ளலான பாட்டுக்கு, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் உள்ள பிரிட்ஜ் பிக்கப் வேண்டும். இரைச்சலுக்குப் பயந்து எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பேஸ் வாசிக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். இங்கே கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கட்டையில்) வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஜி மேஜரில் ஒரு பாட்டை நிதானமாக வாசித்து அந்தக் கீழ் ஜி-யை நீட்டினால், இரைச்சலும் சுரமும் மோதி நொடிக்கு ஒருமுறை சத்தம் ஏறி இறங்கும். கிட்டார் சுருதி விலகிவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். சுருதி சரியாகத்தான் இருக்கும். ஜெனரேட்டரில் ஓடும்போது இன்னும் மோசம். மின்விசிறிகளை ஒன்றாகப் போட்டால் சின்ன ஜெனரேட்டரின் சுற்று குறையும், இரைச்சலின் சுருதியும் கூடவே இறங்கும். நிலையில்லாத ஒரு தம்புராவோடு வாசிக்கிற மாதிரி இருக்கும். இன்வெர்ட்டர் வேறு ஜாதி. மலிவான இன்வெர்ட்டரில் அலை வழவழப்பாக வராது, படிக்கட்டு மாதிரி வரும். அதனால் உறுமலுக்கு மேலே 'சர்ர்' என்று ஒரு கூர்மையான சத்தமும் ஏறிக்கொள்ளும்.

பிக்கப் வாங்குவதற்கு முன்னால் மகாபந்துலா சாலைப் பக்கம் ரேடியோ, ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) பழுது பார்க்கிற ஒரு மாமாவிடம் கொண்டுபோனேன். நம் ஆள்தான், நாலு தலைமுறையாக இங்கே இருக்கிற குடும்பம். கிட்டாரை ஆம்ப்பில் சொருகி, கம்பிகளைக் கையால் தொட்டார், விட்டார், மறுபடி தொட்டார்.

"தம்பி, தொட்டாலும் விட்டாலும் ஒரே சத்தம். எர்த் போயிருக்கு. முதல்ல அதைப் பாரு, அப்புறம் பிக்கப்பைப் பேசலாம்" என்றார்.

பிரிட்ஜைக் கழற்றினோம். அதன் அடியில் ஓடுகிற எர்த் கம்பி பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. எத்தனை வருட மழை ஈரம் குடித்ததோ. புதுக் கம்பி வைத்து, குழிக்குள்ளும் மேல் தகட்டின் பின்புறமும் செம்பு ஒட்டுத்தாள் ஒட்டி, எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்த்தார். அன்றைக்கே பாதி நோய் தீர்ந்தது. 'சர்ர்' என்ற கூர்மை கிட்டத்தட்டப் போய்விட்டது. ஆனால் அடி உறுமல் அப்படியே இருந்தது. செம்புத் தாள் மின்புலத்தால் வரும் இரைச்சலைத்தான் தடுக்கும். டிரான்ஸ்பார்மரின் காந்தப் புலம் அதைத் தாண்டி வந்துவிடும், அதற்குச் சுருளைத்தான் மாற்ற வேண்டும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: கம்பியில் கை வைத்தபடி மைக்கில் உதடு பட்டு சுரீர் என்றால் அது பிக்கப் சமாசாரமே இல்லை. வாசிப்பதை அங்கேயே நிறுத்தி மைக்செட்காரரைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லாத ஜெனரேட்டர் உயிருக்கு ஆபத்து.

நான் வாங்கியது பிக்கப் செய்யும் டிமார்சியோ கம்பெனியின் மாடல் ஜே, ஒரு ஜோடி. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தங்கை வீட்டுக்காரர் விடுமுறைக்கு வந்தபோது பெட்டியில் கொண்டுவந்தார். விலையை கியாட்டில் சொல்லிப் பயனில்லை, அப்போது ஒரு மாதம் இருந்த மதிப்பு அடுத்த மாதம் இல்லை. ஒரே பிக்கப்புக்குள் இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றி, காந்தத்தையும் திருப்பி வைத்திருப்பார்கள். கம்பியிலிருந்து வருவது இரண்டிலும் ஒன்றாகச் சேரும், வெளியிலிருந்து வரும் இரைச்சல் எதிரெதிராக வந்து அழிந்துபோகும். ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸில் 1957இலேயே இந்த வழி வந்துவிட்டது. அங்கே இரண்டு துண்டாகக் கண்ணுக்குத் தெரியும், இங்கே ஒரே மூடிக்குள் அடங்கியிருக்கும், அவ்வளவுதான்.

வேலையில் முதல் தடங்கல் குழியின் அளவு. ஜாஸ் பேஸில் நெக் பிக்கப்பை விட பிரிட்ஜ் பிக்கப் கொஞ்சம் நீளம்; ஒன்று சுமார் 92 மி.மீ., மற்றது சுமார் 95. என் கிட்டாரில் இரண்டு குழியும் சின்ன அளவிலேயே வெட்டப்பட்டிருந்தன. பிரிட்ஜ் பக்கக் குழியை இரண்டு ஓரமும் ஒன்றரை ஒன்றரை மி.மீ. தேய்க்க வேண்டியிருந்தது. ஒரு மரத்துண்டில் உப்புத்தாளைச் சுற்றி ஒரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தேன். வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே நீளம் இருக்கிற கிட்டார்கள் நிறைய.

கம்பி வேலை மாமா கடையிலேயே நடந்தது, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் பற்ற வைத்தேன். நான்கு நிறக் கம்பி வரும். கருப்பையும் வெள்ளையையும் ஒன்றாகச் சேர்த்துப் பற்ற வைத்து டேப் சுற்றிவிட வேண்டும். சிவப்பு வால்யூமுக்கு. பச்சையும், மேலுறை இல்லாத கம்பியும் எர்த்துக்கு. வால்யூம், டோன் குமிழ்களுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஈயம் ஒட்டவே ஒட்டாது, அந்த இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று சுரண்டிய பிறகுதான் பிடித்தது. பழைய பொட்டென்ஷியோமீட்டர்கள் தேய்ந்திருந்ததால் அதே 250 கிலோ ஓம் அளவில் மூன்றையும் மாற்றினேன். டோனுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர்.

ஆம்ப்பில் போட்டேன். நெக் மட்டும் வைத்தால் அருமை. பிரிட்ஜ் மட்டும் வைத்தாலும் அருமை. இரண்டையும் சேர்த்துத் திறந்தால், அடித்தளமே இல்லாமல் மூக்கடைத்த மாதிரி ஒரு மெல்லிய சத்தம். நெஞ்சு பதறிவிட்டது. மாமா எட்டிப் பார்த்து, பிரிட்ஜ் பிக்கப்பில் சிவப்பும் பச்சையும் இடம் மாறியிருப்பதைக் காட்டினார். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கிறது, அதனால் அடிச்சத்தம் அழிந்துபோகிறது. மாற்றிப் பற்ற வைத்ததும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் இப்படிக் கேட்டால் பிக்கப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

இரைச்சல் போனது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். போன பிறகு என் கை என்ன செய்தது என்பதுதான் எனக்கு முக்கியம். முன்பெல்லாம் சத்தமே இல்லாத இடங்களில் பயந்து பயந்து வாசிப்பேன், சுரங்களுக்கு நடுவில் இடைவெளி விடமாட்டேன், விட்டால் உறுமல் வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது ஒரு சுரத்தை எடுத்துவிட்டு அடுத்த தாளத்துக்குச் சும்மா இருக்க முடிகிறது. பாடகர் மூச்சு விடுகிற இடத்தில் நானும் மூச்சு விடுகிறேன்.

இழந்ததும் உண்டு. பழைய பிக்கப்பில் பிரிட்ஜ் பக்கம் ஒரு மினுக்கு இருந்தது, விரல் நகம் கம்பியில் உரசுவது வரை கேட்கும். புதியது கனமாக, நடுச்சத்தம் தூக்கலாக இருந்தது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்து, பிரிட்ஜ் பிக்கப்பில் மட்டும் இரண்டு சுருளையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாகச் சேர்க்கும் பாரலல் இணைப்புக்கு மாற்றினேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது, மேல்சத்தம் நன்றாகத் திறந்தது, இரைச்சல் வரவில்லை. அந்தப் பழைய மினுக்கு முழுதாகத் திரும்பவில்லை. ஸ்டுடியோவில் மட்டும் வாசிப்பவருக்கு, நல்ல கரண்டும் நல்ல எர்த்தும் இருப்பவருக்கு, ஒற்றைச் சுருளே போதும் என்பேன்.

மூன்று மழைக்காலம் கடந்த பிறகு பிக்கப் அப்படியே இருக்கிறது. பழுதானதெல்லாம் அதைச் சுற்றி உள்ளவை. அடியில் வைத்த ஸ்பாஞ்சு முதல் மழையிலேயே நைந்து, பிக்கப் குழிக்குள் இறங்கிவிட்டது. இப்போது பழைய ரப்பர் செருப்பின் அடியை வெட்டி வைத்திருக்கிறேன், அசையவில்லை. ஒரு திருகின் துளை தளர்ந்தது. பல்குத்தும் குச்சியில் மரப்பசை தடவிச் செருகி, காய்ந்ததும் மறுபடி முடுக்கினேன். வால்யூம் குமிழ்கள் இரண்டாம் வருடம் கரகரத்தன, காண்டாக்ட் கிளீனர் அடித்ததும் அடங்கின. உயரம் வைப்பதில் அவசரப்படாதீர்கள். கடைசி ஃபிரெட்டை அழுத்திப் பார்த்து, கனமான ஈ கம்பிக்குக் கீழே 3 மி.மீ.க்குக் கொஞ்சம் கூட, ஜி பக்கம் இரண்டரை என்று வைத்திருக்கிறேன். இன்னும் கிட்டே தூக்கினால் காந்தம் கம்பியை இழுத்து, நீளச் சுரங்கள் நடுங்கும்.

பழைய ஜோடியைத் தூக்கிப் போடவில்லை. மல்டிமீட்டரில் இரண்டும் நல்ல அளவே காட்டின, அவற்றின் மேல் ஒரு குற்றமும் இல்லை. சபையில் புதிதாகப் பேஸ் பழகுகிற பையனின் கிட்டாரில் ஒரு பிக்கப் செத்திருந்தது, அவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன டிசம்பரில் கேரல் ஒத்திகை ராத்திரி எட்டு மணிக்கு மேல் நடந்துகொண்டிருந்தது. ஜெனரேட்டரில்தான் ஓடியது. பாட்டின் நடுவில் தெருவெங்கும் பிள்ளைகள் "மீ லா பியீ!" என்று கூவினார்கள். கரண்ட் வந்தால் இந்த ஊரில் அப்படித்தான், யாருக்கும் மணி பார்க்க வேண்டியதில்லை. மைக்செட் அண்ணன் லைனை மாற்றினார், விளக்கு அணைந்து எரிந்தது, எல்லோரும் பாட்டை நிறுத்திக் காத்திருந்தோம். அவர் என் ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் ஆம்ப் வேலை செய்யுதா? ஒரு சத்தமும் காணோமே."

வால்யூம் முழுக்கத் திறந்துதான் இருந்தது. கீழ் ஜி-யை ஒருமுறை எடுத்து நீட்டினேன். ஏறாமல் இறங்காமல் நின்றது.