வீட்டிலேயே கனமான கிட்டார் ஒலிப்பதிவு: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் ஓர் அடுக்ககத்தின் பத்துக்குப் பத்து அறையில், ஆம்ப்பை (கிட்டார் ஆம்ப்ளிஃபயரை) சத்தமாக வைக்க வழியே இல்லாத நிலையில், மெட்டல் இசைக்கான எலக்ட்ரிக் கிட்டாரை நான்கு ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். ஹம்பக்கர் வகைப் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பகுதி) பொருத்திய, கம்பி நீளம் (ஸ்கேல்) 25.5 அங்குலம் கொண்ட கிட்டார், கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 இன்டர்ஃபேஸ், ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள், மடிக்கணினி, ஹெட்போன் ஆகியவையே என் கருவிகள். இவற்றில் எதையும் இதுவரை மாற்றவில்லை. ஆனாலும் முதல் ஆண்டுப் பதிவையும் இப்போதைய பதிவையும் அடுத்தடுத்துக் கேட்கும் நண்பர்கள் இரண்டும் ஒரே கிட்டார்தான் என்று நம்பத் தயங்குகிறார்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை, இதே பாதையில் இருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதல் ஆண்டு முழுவதும், ஆம்ப் மென்பொருளில் டிஸ்டார்ஷனை, அதாவது ஒலியின் கரகரப்பைக் கூட்டிக் குறைக்கும் கெயினை எட்டுக்குக் கீழே இறக்கியதே இல்லை. தனியாகக் கேட்கும்போது மலை சரிவதுபோல் இருந்த அந்த ஒலி, டிரம்ஸும் பேஸும் சேர்ந்த உடனே பின்னால் எங்கோ இரையும் சத்தமாகச் சுருங்கிவிடும். டிஸ்டார்ஷன் கூடக்கூட ஒலியின் ஏற்ற இறக்கங்கள் நசுங்கி, பிக் கம்பியில் படும் அந்த முதல் அடி மறைந்துபோகிறது என்பதும், கேட்பவர் காதுக்குக் கனமாகப் படுவது அந்த அடிதான் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மாலை, பாம் மியூட் செய்த (உள்ளங்கை விளிம்பால் கம்பியை லேசாக அமுக்கி வாசித்த) நான்கு பார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத்துணுக்கு) ஒன்றை ஓடவிட்டு, கெயினை ஒவ்வொரு படியாக இறக்கி, இறக்கிய ஒவ்வொரு முறையும் மொத்த ஒலியளவை முன்பிருந்த அளவுக்கே சமன் செய்து கேட்டேன். ஐந்துக்குக் கீழே வந்தபோது, ஒவ்வொரு அடியும் கதவைத் தட்டுவதுபோல் தனித்தனியாக விழுந்தது. ஒலியளவைச் சமன் செய்யாமல் ஒப்பிட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. இரண்டில் சத்தமாக இருப்பதே நல்லதாகத் தோன்றுவது காதின் இயல்பு.

கெயினைக் குறைத்த இடத்தில் இறுக்கத்தைக் கொண்டுவந்தது, ஆம்ப்புக்கு முன்னால் வைக்கும் டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல். டிரைவைப் பூஜ்யத்திலும், டோனை நடுவிலும், லெவலை ஏறக்குறைய முழுமையிலும் வைத்தால், அது டிஸ்டார்ஷனைச் சேர்ப்பதைவிட, கீழ் அலைவரிசைகளை மட்டுப்படுத்தி 720 ஹெர்ட்ஸை ஒட்டிய நடுப்பகுதியைத் தூக்கிக்காட்டும் வேலையையே செய்கிறது. தடித்த கம்பியில் வாசிக்கும்போது எழும் குழகுழப்பு இதனால் பெருமளவு நீங்கியது.

இருந்தாலும், எல்லாவற்றிலும் பெரிய மாற்றத்தைத் தந்தது ஸ்பீக்கர்தான். ஆம்ப் மென்பொருள்களை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அந்த உழைப்பில் பாதியையாவது ஸ்பீக்கர் கேபினெட்டின் பக்கம் திருப்பியிருக்க வேண்டும் என்பதே இன்று என் உறுதியான கருத்து. கிட்டார் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாக ஒலியைக் கைவிடுவதால்தான் டிஸ்டார்ஷன் நமக்கு இசையாகக் கேட்கிறது. அந்த ஸ்பீக்கரை நீக்கிவிட்டுக் கேட்டால் தகரத்தைச் சுரண்டும் ஓசை மட்டுமே மிஞ்சும். ஒரு ஸ்பீக்கரும் அதன்முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி வடிக்கின்றன என்பதைப் பிடித்துவைத்த சிறிய ஒலிக்கோப்பே இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐ.ஆர். செலஸ்டியன் வின்டேஜ் 30 ஸ்பீக்கரின் முன், 1965 முதல் விற்பனையில் இருக்கும் ஷ்யூர் எஸ்.எம். 57 மைக்கை வைத்து எடுத்த ஐ.ஆர்.களே இவ்வகை இசைக்குப் பலரும் முதலில் தேடுபவை. நானும் கடைசியில் அங்கேயே வந்து நின்றேன். மைக் கூம்பின் நடுவில் இருந்தால் ஒலி கூர்மையாகவும், விளிம்பை நோக்கி நகர நகர மங்கலாகவும் மாறும். கட்டணம் செலுத்தி வாங்கிய ஒரு தொகுப்பில் இருந்த நூற்றுக்கணக்கான கோப்புகளில் நாள்கணக்காக அலைந்து, காது மரத்துப்போன பிறகு தேர்ந்தெடுத்தவை எவையும் மறுநாள் காலையில் நிலைக்கவில்லை. நடுவுக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட ஓரிடத்தில் எடுத்த ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைக் கணினியிலிருந்தே நீக்கிவிட்டேன்.

ஆம்ப்புக்கு இப்போது பயன்படுத்துவது இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர். உண்மையான ஆம்ப் ஒன்றின் நடத்தையை நரம்பியல் வலையமைப்புக்குக் கற்பித்து உருவாக்கிய மாதிரிகளை இது இயக்குகிறது. உள்ளே செல்லும் ஒலியளவைப் பொறுத்து இதன் டிஸ்டார்ஷன் வெகுவாக மாறும் என்பதால், இன்டர்ஃபேஸில் கிட்டாரை நேரடியாகச் செருகுவதற்கான இன்ஸ்ட் பொத்தானை அழுத்தி, மிக அழுத்தமாக வாசிக்கும்போதும் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்குமாறு வைக்கிறேன். கணினி ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்துக் கையாளும் பஃபரால் சிறு தாமதம் ஏற்படும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது 2.7 மில்லிநொடிதான், போக வரச் சேர்த்தாலும் கைக்குத் தடையாகத் தெரிவதில்லை.

இனி நம் வீடுகளுக்கே உரிய சிக்கலுக்கு வருகிறேன். மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் நடுவேகத்தில் இருக்கும்போது எழுப்பும் இரைச்சலை, கூட்டிய கெயின் பலமடங்காக்கிக் கொண்டுவந்து கொட்டும். மடிக்கணினியின் சார்ஜருக்கு எர்த் இணைப்பு இல்லை என்றால் இன்னொரு வகை உறுமல் சேரும். கம்பியைக் கையால் தொட்டதும் அது குறைவதை வைத்து அடையாளம் காணலாம். வாசிக்காதபோது ஒலியை அடைத்துவிடும் நாய்ஸ் கேட் இவற்றை இடைவெளிகளில் மறைக்குமே தவிர, வாசிக்கும்போது ஒலியோடு கலந்திருப்பதை எடுக்காது. அதனால் மே மாத வெயிலிலும் விசிறியை நிறுத்திவிட்டு, சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டி, திரையிலிருந்து கிட்டாரைச் சற்றுத் திருப்பி அமர்ந்தே பதிவு செய்கிறேன். இருபது நிமிடத்தில் சட்டை நனைந்துவிடும், கம்பியும் வியர்வையில் சீக்கிரம் துருவேறும். ஆனால் கிடைக்கும் சுத்தமான சிக்னலுக்கு ஈடான மென்பொருள் எதையும் நான் கண்டதில்லை.

கம்பியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாக் கம்பிகளையும் வழக்கத்தைவிடத் தாழ்த்தி வைக்கும் டிராப் சி சுருதியில், தடித்த கடைசிக் கம்பி 65.4 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. 10-46 தொகுதியில் (மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் விட்டம், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) அந்தக் கம்பி தொய்ந்து, அடித்த கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகே கீழிறங்கியது. 11-54 தொகுதிக்கு மாறி, இன்டனேஷனை (கழுத்தின் எல்லா இடங்களிலும் சுருதி சரியாக நிற்கும் அமைப்பை) புதிதாகச் சரிசெய்த பிறகு அந்தத் தாவல் குறைந்தது. ட்யூனரில் சுருதி பார்க்கும்போதும் இப்போது கம்பியை மெல்லத் தட்டுவதில்லை. பாட்டில் அடிக்கும் அதே வேகத்தில் அடித்து, அந்த முதல் கணத்தின் சுருதியையே சரியாக வைக்கிறேன். பவர் கார்டுகள் (மெட்டலில் வழக்கமான, இரண்டு சுரங்கள் கொண்ட கார்டுகள்) ஒன்றோடொன்று இழையாமல் அலைந்ததற்குக் காரணம் ஆம்ப் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அகலம் வருவது இருமுறை வாசிப்பதால். ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்து இருபுறமும் வைத்தால் அது நடுவிலேயே, சற்றுச் சத்தமாக நிற்கும். தனித்தனியாக வாசித்த இரண்டு டேக்குகளை முழு இடதிலும் முழு வலதிலும் வைக்கும்போதுதான், அவற்றுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாடுகள் சுவர்போல் விரிகின்றன. நான்கு டேக் அடுக்கியும் பார்த்தேன். என் கையின் துல்லியத்துக்கு அது மங்கலையே தந்தது. அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 9 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் வெட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறேன். அடிவயிற்றில் உணரும் கனத்தைத் தருவது, லேசாக டிஸ்டார்ஷன் ஏற்றிய பேஸ் கிட்டார்.

ஆம்ப்புக்குள் செல்லும் முன்பான வெற்றுச் சிக்னலைத் தொடக்கத்திலிருந்தே தனியாகச் சேமித்து வந்தது பெரிய நன்மை. சென்ற மாதம் முதல் ஆண்டின் பாடல் ஒன்றை எடுத்து, அதே டேக்குகளை இன்றைய அமைப்பின் வழியே ஓட்டினேன். ஒலி நான் விரும்பியபடியே வந்தது. ஆனால் அன்று கெயின் மூடி மறைத்திருந்த கையின் தடுமாற்றங்களும், இடமும் வலமும் ஒட்டாத அடிகளும் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. அந்தப் பாடலைப் புதிதாகவே வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். இடதுபக்க டேக் முடிந்துவிட்டது, வலதுபக்கத்தைப் புதுக் கம்பி மாட்டி இந்த வாரம் வாசிக்கப் போகிறேன்.